எழுதியும் ஏறாத கணக்கு – லினக்ஸ் கம்ப்யூட்டரில் பென் டிரைவைக் கையாளும் முறை



'எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா' என்பது நம் முன்னோர் சொன்ன பழமொழி. நம்மில் எழுதாத வணிகர் இன்று எவரும் இல்லை. சிட்டையில் எழுதுகிறோம், பேரேட்டில் ஏற்றுகிறோம், கம்ப்யூட்டரிலும் பதிகிறோம். ஆனால் எழுதிவிட்டதாக நாம் நம்பி, உண்மையில் எழுதப்படாமலே போன கணக்கு ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன், கடலூர் முதுநகரில் மளிகைச் சரக்கு மொத்த வியாபாரம் செய்கிறவன். கம்ப்யூட்டர் நிபுணன் அல்ல. பட்டுத் தெரிந்துகொண்டதை, என்னைப் போன்ற கடைக்காரர்களுக்குப் புரியும்படி சொல்லுவதே நோக்கம்.

இரண்டு மழையில் கற்ற பாடம்

நம் கடலூருக்குக் கடலும் ஆறும் அருகிலேயே உண்டு. அவற்றால் வரும் ஆபத்தும் அருகிலேயே உண்டு. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல். 2015 நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெருமழை. அந்த 2015 மழையில் என் கிட்டங்கியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. கம்ப்யூட்டர் பெட்டி மேசைக்கு அடியில் தரையில் இருந்தது. அதன் நகலை வைத்திருந்த பென் டிரைவ் அதே மேசையின் கீழ் இழுப்பறையில் இருந்தது. இரண்டும் சேர்ந்தே போயின. சில்லறைக் கடைக்காரர்கள் பலர் தாங்களாகவே வந்து, "அண்ணாச்சி, என் பாக்கி இவ்வளவு" என்று சொல்லித் தந்த பெருந்தன்மையால் நான் தப்பினேன். எல்லோரும் சொன்னார்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

அதன் பிறகு நகலை வேறு ஊரில் வைப்பது என்று முடிவு செய்தேன். என் மகளைச் சிதம்பரத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளையும் மளிகைக் கடைதான் வைத்திருக்கிறார். கடலூர் துறைமுகம் சந்திப்பில் ரயில் ஏறினால் பரங்கிப்பேட்டை, கிள்ளை வழியாகச் சிதம்பரம் போய்விடலாம். ஆகவே பென் டிரைவை அங்கே அனுப்பி, மாப்பிள்ளை வீட்டுப் பீரோவில் வைக்க ஏற்பாடு செய்துகொண்டேன்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வருவதாக அறிவிப்பு வந்தது. 29-ஆம் தேதி மாலை, அந்த ஆண்டின் பற்று வரவு முழுவதையும், ஸ்கேன் செய்து வைத்திருந்த கொள்முதல் பில்களையும் சேர்த்துப் பென் டிரைவுக்கு நகல் எடுத்தேன். கரண்டு விட்டுவிட்டு வந்தது. திரையில் நகல் ஓடும் பட்டை முடிந்ததும், அவசரத்தில் பென் டிரைவைப் பிடுங்கிப் பையனிடம் கொடுத்துச் சிதம்பரத்துக்கு அனுப்பிவிட்டேன். கம்ப்யூட்டரைத் தூக்கி அரிசி மூட்டை அட்டியின் மேல் வைத்தேன். 30-ஆம் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே புயல் கரை கடந்தது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம் பெருகியது. இந்த முறை தண்ணீர் என் கடைப் படியோடு நின்றுவிட்டது.

எல்லாம் ஓய்ந்த பிறகு மாப்பிள்ளை போன் செய்தார். "மாமா, பென் டிரைவில் பெயர்தான் இருக்கிறது. பற்று வரவைத் திறந்தால் கோப்பு பழுது என்கிறது. பில் ஒன்றுகூடத் திறக்கவில்லை" என்றார். எனக்குக் கை கால் ஆடிவிட்டது. தண்ணீர் இன்னும் இரண்டு அடி ஏறி, அட்டியும் சரிந்திருந்தால் என் கதி என்ன? பென் டிரைவ் பழுதா என்றால் இல்லை. கம்ப்யூட்டர் பழுதா என்றால் அதுவும் இல்லை. பழுது என் பழக்கத்தில் இருந்தது. அதை விளக்குகிறேன்.

லினக்ஸ் நம் கடைக்கு வந்த வழி

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-ல் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் தொடங்கிய யூனிக்ஸ் என்ற இயக்க முறைதான் மூலம். அதைப் போலவே இயங்கும்படி, 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது லினக்ஸ். இது விலையில்லாமல் கிடைப்பது. யாரும் நகலெடுத்துப் பயன்படுத்தலாம்.

நம் தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. அரசு நிறுவனமான எல்காட் 2006, 2007 ஆண்டுகளிலேயே தன் அலுவலகங்களை லினக்ஸுக்கு மாற்றியது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் 'பாஸ்' என்ற லினக்ஸை 2007-ல் வெளியிட்டது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், தொடக்க ஆண்டுகளில் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன் இந்த பாஸ் லினக்ஸும் இருந்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் லினக்ஸை முதலில் பார்த்தது அதில்தான்.

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடும் முடிந்தன. நம் கடைகளில் இருப்பவை பெரும்பாலும் பழைய கம்ப்யூட்டர்கள்; புதிய விண்டோஸ் அவற்றில் ஏறாது. ஆகவே பல கடைகளில் லினக்ஸ் போட்டுக் கொடுக்கிறார்கள். நானும் 2023-ல் மாறினேன். வாடிக்கையாளர் பற்று வரவை லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் வைத்திருக்கிறேன். ஆனால் ஒன்று: நம்மவர்கள் பயன்படுத்தும் பில் போடும் மென்பொருள்கள் பல விண்டோஸுக்கென்றே செய்யப்பட்டவை. உங்கள் மென்பொருள் லினக்ஸில் ஓடுமா என்று விற்றவரிடம் கேட்டுக்கொண்டு பிறகு மாறுங்கள்.

தனித்தனிக் கடையும் ஒரே வீடும்

விண்டோஸில் ஒவ்வொரு டிஸ்குக்கும் ஓர் எழுத்து உண்டு. உள்ளே இருப்பது 'சி', அடுத்தது 'டி', பென் டிரைவ் செருகினால் 'ஈ' அல்லது 'எஃப்'. ஒரே தெருவில் கதவு எண் போட்ட தனித்தனிக் கடைகள் மாதிரி.

யூனிக்ஸ் வழியில் வந்த லினக்ஸில் அப்படி இல்லை. எல்லாம் ஒரே வீடு. வெளியிலிருந்து ஒரு டிஸ்க் வந்தால், அந்த வீட்டுக்குள் ஒரு வாசல் வைத்து, அதைப் புதிய அறையாகச் சேர்த்துக்கொள்ளும். இப்படிச் சேர்ப்பதை 'மவுண்ட்' என்கிறார்கள். நாம் இணைத்தல் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான லினக்ஸில் அந்த வாசல் 'மீடியா' என்ற அடைவுக்குள், உங்கள் பெயரின் கீழ் இருக்கும். வேலை முடிந்ததும் அந்த அறையை வீட்டிலிருந்து முறையாகப் பிரித்துவிட வேண்டும். அது 'அன்மவுண்ட்', நாம் விடுவித்தல் என்போம்.

பிளாப்பி காலத்திலும், 1990-களின் நடுவில் வந்த 100 மெகாபைட் ஜிப் டிரைவ் காலத்திலும் இணைப்பதையும் விடுவிப்பதையும் கட்டளை தட்டச்சு செய்து கையால்தான் செய்தார்கள். இன்று செருகியதும் இணைப்பு தானாக நடந்துவிடுகிறது. விடுவிப்பது மட்டும் தானாக நடப்பதில்லை. நாம் தவறுவது இங்கேதான்.

லாரி புறப்பட்ட கதை

நம் கிட்டங்கியில் லாரி வந்து நிற்கிறது என்று வையுங்கள். நூறு மூட்டை ஏற்ற வேண்டும். சுமை தூக்குபவர்கள் உள்ளிருந்து மூட்டைகளை எடுத்து வந்து வாசல் திண்ணையில் அடுக்கிவிட்டார்கள். கணக்குப்பிள்ளை திண்ணையில் எண்ணிப் பார்த்து, 'நூறு மூட்டை அனுப்பியாச்சு' என்று எழுதிவிட்டார். திண்ணையிலிருந்து லாரிக்கு ஏறியது அறுபதுதான். அதற்குள் டிரைவர் வண்டியைக் கிளப்பிப் போய்விட்டால் என்ன ஆகும்? நம் கணக்கில் நூறு; போய்ச் சேர்ந்தது அறுபது; மீதி நாற்பதும் திண்ணையிலேயே கிடக்கும்.

லினக்ஸில் நடப்பது இதுவே. நினைவகம் வேகமானது, பென் டிரைவ் மெதுவானது. நம்மைக் காக்க வைக்கக் கூடாது என்பதற்காக, லினக்ஸ் கோப்பை முதலில் நினைவகத்தில், அதாவது திண்ணையில், அடுக்கிக்கொள்கிறது. நகல் பட்டை 'முடிந்தது' என்று காட்டும்போது பல சமயம் முடிந்திருப்பது திண்ணை வேலைதான். அங்கிருந்து பென் டிரைவுக்குப் பின்னணியில் ஏற்றும். சிறிய கோப்பென்றால் சில வினாடிகள். ஆண்டுக் கணக்கும் பில் படங்களும் சேர்ந்ததென்றால் பல நிமிடங்கள்கூட ஆகும். திண்ணையில் இருப்பது கரண்டு போனால் அழிந்துவிடும். பென் டிரைவைப் பிடுங்கினால் நின்றுவிடும்.

கோப்பின் பெயர் முதலில் எழுதப்பட்டு, உள்ளடக்கம் எழுதப்படாமல் நின்றுபோவதும் உண்டு. மாப்பிள்ளை கண்ட 'பெயர் இருக்கிறது, திறக்கவில்லை' என்பதன் காரணம் இதுதான்.

விண்டோஸில் இத்தனை ஆண்டுகள் பிடுங்கிப் பிடுங்கித்தானே எடுத்தோம் என்று கேட்கலாம். அங்கே பென் டிரைவ்களுக்கு உடனுக்குடன் எழுதிவிடும் முறையே பெரும்பாலும் வைக்கப்பட்டிருக்கிறது. 2018-ல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல் வெளி ஹார்ட் டிஸ்குக்கும் அதுவே இயல்பு. ஆகவே நம் கெட்ட பழக்கம் அங்கே அதிகம் வெளியே தெரியவில்லை. லினக்ஸுக்கு வந்ததும் தெரிந்துவிட்டது.

செய்ய வேண்டிய முறை

கீழ்க்கண்ட வரிசையை ஒரு அட்டையில் எழுதிக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். கடைப் பையன்களும் பார்த்துச் செய்யலாம்.

முதலாவது, பென் டிரைவைச் செருகி, அதன் பெயர் கோப்பு மேலாளரின் இடப்பக்கத்தில் தோன்றும்வரை காத்திருங்கள்.

இரண்டாவது, கணக்குக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நகல் எடுக்காதீர்கள். சேமித்து மூடிவிட்டு எடுங்கள். நகலின் பெயரில் தேதியைச் சேருங்கள். பழைய நகலின் மேலேயே எழுதினால், இன்று செய்த தவறு நேற்றைய சரியான கணக்கையும் அழித்துவிடும்.

மூன்றாவது, நகல் முடிந்ததும் பென் டிரைவைத் தொடாதீர்கள். அதன் பெயருக்குப் பக்கத்தில், கீழே ஒரு கோடும் மேலே ஒரு முக்கோணமும் கொண்ட சிறு குறி இருக்கும். அதை அழுத்துங்கள். திண்ணையில் மீதி மூட்டை இருந்தால் லினக்ஸ் அப்போது ஏற்றி முடிக்கும். 'இன்னும் எழுதப்படுகிறது, கழற்ற வேண்டாம்' என்று செய்தி வந்தால் பொறுத்திருங்கள். எடுக்கலாம் என்ற செய்தி வந்து, பெயரோ அந்தக் குறியோ மறைந்த பிறகே கழற்றுங்கள்.

நான்காவது, சில சமயம் 'டிரைவ் உபயோகத்தில் உள்ளது' என்று சொல்லி விடுவிக்க மறுக்கும். அது பிடிவாதம் அல்ல, எச்சரிக்கை. பென் டிரைவில் உள்ள ஏதோ ஒரு கோப்பு எங்கோ திறந்திருக்கிறது. அதை மூடிவிட்டு மறுபடி அழுத்துங்கள்.

ஐந்தாவது, கழற்றிய பென் டிரைவை மறுபடி செருகி, நகலைத் திறந்து கடைசிப் பதிவைப் பாருங்கள். கழற்றாமலே திறந்து பார்த்தால் போதாதா என்றால், போதாது. கழற்றுவதற்கு முன் திறந்தால் லினக்ஸ் திண்ணையில் இருப்பதையே எடுத்துக் காட்டிவிடக்கூடும். லாரியில் ஏறியதா என்பதை லாரியில் ஏறித்தான் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு மூன்றாவது படியில் சொன்னபடியே மறுபடி விடுவித்துக் கழற்றுங்கள்.

கட்டளைத் திரையில் பழகியவர்கள் 'ஸிங்க்' (எஸ், ஒய், என், சி ஆகிய நான்கு எழுத்து) என்று தட்டினால், தேங்கியிருப்பதை எழுதி முடித்த பிறகே கட்டளை திரும்பி வரும். விடுவிக்கும் கட்டளையில் ஒரு வேடிக்கை உண்டு. அது 'அன்மவுண்ட்' அல்ல, 'யுமவுண்ட்'. யு-வுக்குப் பின் 'என்' கிடையாது. இது தெரியாமல் நான் ஒரு மணி நேரம் திண்டாடினேன்.

எந்த வகையில் வடிவமைப்பது

பென் டிரைவை வடிவமைக்கும்போது, அதாவது 'பார்மேட்' செய்யும்போது, எந்த வகை என்று கேட்கும். 'ஃபேட்-32' எல்லாக் கம்ப்யூட்டரிலும் திறக்கும். ஆனால் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. 'எக்ஸ்-ஃபேட்' விண்டோஸிலும், 2019-க்குப் பின் வந்த லினக்ஸ்களிலும் சிரமமின்றித் திறக்கும். ஆடிட்டர் அலுவலகத்துக்குக் கொண்டுபோகும் பென் டிரைவுக்கு இதுவே ஏற்றது. 'எக்ஸ்ட்-4' லினக்ஸுக்கே உரியது, உறுதியானது, ஆனால் விண்டோஸ் அதைத் தானாகப் படிக்காது. லினக்ஸ் கம்ப்யூட்டர்களுக்குள் மட்டும் புழங்கும் வெளி ஹார்ட் டிஸ்குக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

விண்டோஸ் கம்ப்யூட்டரிலிருந்து முறையாக விடுவிக்காமல் கழற்றி வந்த 'என்.டி.எஃப்.எஸ்.' டிஸ்க், லினக்ஸில் படிக்க மட்டும் கிடைக்கும், எழுத விடாது. சில சமயம் இணையவே மறுக்கும். பயப்பட வேண்டாம். மறுபடி விண்டோஸில் செருகி, முறையாக விடுவித்துக் கொண்டுவந்தால் சரியாகும்.

இரவில் தானாக நகல் எடுக்கும்படி ஏற்பாடு செய்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அன்று வெளி டிஸ்கைச் செருக மறந்துவிட்டால், அறை இல்லாமல் வாசல் அடைவு மட்டும் இருக்கும். லினக்ஸ் அந்த அடைவிலேயே நகலை எழுதிவிடும். அதாவது நகல் அதே கம்ப்யூட்டருக்குள்ளேயே கிடக்கும். பார்ப்பதற்கு எல்லாம் ஒழுங்காக நடந்தது போலவே இருக்கும். டிஸ்க் இணைந்திருக்கிறதா என்று சோதித்த பிறகே நகல் எடுக்கும்படி, ஏற்பாடு செய்து கொடுப்பவரிடம் சொல்லுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

இது நம் சௌகரியம் மட்டும் அல்ல. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, ஓர் ஆண்டின் கணக்கை, அந்த ஆண்டுக்குரிய ஆண்டுப் படிவத்தின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2023-24 கணக்கை எடுத்துக்கொண்டால், கெடு 2024 டிசம்பர் 31. ஆகவே 2030 டிசம்பர் 31 வரை அது நம்மிடம் இருக்க வேண்டும். மேல்முறையீடு நடந்தால் காலம் இன்னும் கூடலாம். கம்ப்யூட்டரில் கணக்கு வைப்பவர், விபத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ அது அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி முறையான நகல் வைத்திருக்க வேண்டும் என்று ஜி.எஸ்.டி. விதிகளில் 57-ஆம் விதி சொல்கிறது. கடலூர்க்காரர்களான நமக்கென்றே எழுதியது போல இருக்கிறது அல்லவா?

பென் டிரைவை ஆறு ஆண்டு பீரோவில் போட்டுவிட்டு நம்பியிருக்கவும் முடியாது. நெடுநாள் கரண்டு படாமல் கிடந்தால் அதில் பதிந்தது மெல்லத் தேயக்கூடும். கடற்காற்றின் உப்பும் ஈரமும் அதன் முனையைக் கெடுக்கும். மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை, ஆயுத பூஜையன்று கணக்குப் புத்தகங்களை எடுத்துத் துடைத்து வைக்கும்போது, பழைய நகல்களையும் செருகித் திறந்து பார்த்து, புதிதாக ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.

என் இப்போதைய வழக்கம்

என்னிடம் இரண்டு பென் டிரைவ்கள். ஒன்றில் சிவப்புக் கயிறு, ஒன்றில் மஞ்சள் கயிறு. சனிக்கிழமை இரவு கடை சாத்துமுன் ஒன்றில் நகல் எடுத்து, விடுவித்து, மறுபடி செருகிப் பார்க்கிறேன். ஞாயிறன்று சிதம்பரம் போகிறவரிடம் அதைக் கொடுத்து, அங்கிருக்கும் மற்றதை வாங்கிவரச் சொல்கிறேன். அங்கே மாப்பிள்ளையும் ஒரு முறை திறந்து பார்த்து, "சரியாக இருக்கிறது மாமா" என்று போனில் சொல்லுவார். அவருடைய கணக்கின் நகல் என் வீட்டு மாடியில் இருக்கிறது. கொள்ளிடம், வெள்ளாறு பக்கம் வெள்ளம் வந்தால் அவருக்கு நான். இங்கே வந்தால் எனக்கு அவர். இரண்டு ஊரும் ஒரே புயலில் சிக்கலாம் என்பதால், மாதத்துக்கு ஒரு பிரதி விருத்தாசலத்தில் உள்ள உறவினர் வீட்டுக்கும் போகிறது. ஆன செலவு இரண்டு பென் டிரைவ், ஒரு வெளி ஹார்ட் டிஸ்க். வாரத்துக்குக் கால் மணி நேரம்.

நம் வியாபாரத்தின் முதல் என்பது கிட்டங்கியில் உள்ள சரக்கு மட்டும் அல்ல. வெளியே நிற்கும் பாக்கியும் சேர்ந்ததே. சரக்கு நனைந்தால் காயவைத்துப் பாதி விலைக்காவது விற்கலாம். பாக்கிக் கணக்கு போய்விட்டால், அடுத்தவர் மனசாட்சியை நம்பி நிற்க வேண்டியதுதான். 2015-ல் நான் அப்படி நின்றவன். வேறு வணிகர் எவரும் அப்படி நிற்கக் கூடாது. இன்றிரவு கடை சாத்துமுன் உங்கள் கடைசி நகலைச் செருகித் திறந்து பாருங்கள். திறந்தால் மகிழ்ச்சி. திறக்காவிட்டாலும், மழைக்கு முன்பே தெரிந்துகொண்டீர்கள்.

வணிகர் ஒற்றுமை ஓங்குக.